மனத்துக்கு மருந்து: ஒரு பேராசிரியையின் நெடிய தேடல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சேலம் செல்லும் சாலையில் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் வடகரையில் அமைந்திருக்கிறது குணசீலம். குணசீல மகரிஷியின் தவத்துக்கு இரங்கி எழுந்தருளியவர் என்று தலபுராணம் போற்றும் பிரசன்ன வேங்கடாசலபதி, இங்கே கையில் செங்கோலுடன் சேவை சாதிக்கிறார். மனநலம் பாதிக்கப்பட்டோரை உறவினர் இத்தலத்துக்கு அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கவைப்பது நெடுநாளைய வழக்கம். உச்சிக்காலத்திலும் இரவிலும் பூஜை நிறைவுற்றதும் அவர்களது முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. கோயிலை ஒட்டி இத்தகையோர் தங்குவதற்கென மறுவாழ்வு இல்லம் உள்ளது. மனநல மருத்துவரின் மேற்பார்வையும் அங்கே உண்டு.

தீர்த்தமும் மாத்திரையும் ஒரே இடத்திலா என்று சிலர் வியப்பதுண்டு. வியப்பதற்கு ஏதுமில்லை. கோயிலில் தங்குவதால் நோயாளிக்குக் கிடைக்கும் நன்மையை மருத்துவ உலகமே ஆராய்ந்திருக்கிறது. தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு, 2002ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்தது. மருந்தோ தனிச் சடங்குகளோ இன்றி, அன்பான சூழலில் சில வாரங்கள் தங்கியதிலேயே அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று அது கூறியது. 31 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். கோயிலில் கழித்த நாட்களுக்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும் என்பதையும் மறக்கலாகாது. மண்டலம் முடிந்து வீடு திரும்பிய பிறகு வரும் ஆண்டுகள்தாம் நீண்டவை.

அந்த ஆண்டுகளில் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அர்ச்சகரிடம் கேட்பார்கள், மருத்துவரிடம் கேட்பார்கள், பிராகாரத்தில் அருகே அமர்ந்திருப்பவரிடமும் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். “பையன் இப்போது நன்றாகத்தானே இருக்கிறான்? இந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?”

இதே கேள்வியைத் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, தவறான விடையையும் தாமே சொல்லிக்கொண்டு, மரணத்தின் வாயில் வரை சென்று மீண்ட ஒருவர் தம் வரலாற்றை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அவர் அமெரிக்கர், மனநோய்களைப் பற்றி மருத்துவ மாணவர்களுக்கே பாடம் சொல்லும் பேராசிரியை. கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் என்பது அவர் பெயர். ‘ஆன் அன்கொயட் மைண்ட்’ என்ற அவரது நூல் 1995இல் வெளிவந்தது. அமைதியற்ற மனம் என்பது அத்தலைப்பின் பொருள்.

*படித்தவருக்கே நேர்ந்தது*

ஜேமிசன் 1946இல் பிறந்தவர். தந்தை விமானப் படையில் வானிலை அறிஞராகப் பணியாற்றியவர். தந்தைக்கும் மனநிலையில் பெரும் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. பள்ளி இறுதி ஆண்டிலேயே ஜேமிசனுக்கு நோய் முதன்முதலாகத் தலைகாட்டியது. சில வாரங்கள் உறக்கமே தேவைப்படாத உற்சாகம், அதைத் தொடர்ந்து எழுந்து நடக்கவும் இயலாத சோர்வு. யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிட்டார். இதற்கு ‘இருமுனைக் கோளாறு’ என்று பெயர். மனம் ஒரு முனையில் கட்டுக்கடங்காத எழுச்சியையும், மறு முனையில் ஆழ்ந்த சோர்வையும் தொட்டுத் திரும்பும் நோய் இது.

1974ஆம் ஆண்டு ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மனநலத் துறையில் அவர் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். மூன்றே மாதங்களில் நோய் முழு வேகத்துடன் தாக்கியது. மனநலத் துறைக்குள்ளேயே அமர்ந்திருந்தவர், தமக்கு வந்திருப்பது இன்னதென்று ஒப்புக்கொள்ளத் தயங்கினார்! நெருங்கிய நண்பராகிய மருத்துவர் ஒருவர்தாம், லித்தியம் என்னும் மருந்து தேவைப்படும் என்று முதலில் எடுத்துரைத்தார்.

அந்நாட்களில் அவர் பணத்தைச் செலவிட்ட விதம் தனியே சொல்லத்தக்கது. விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள், தேவையற்ற மேசை நாற்காலிகள், அட்டையில் பெங்குவின் பறவையின் படம் உள்ளது என்பதற்காகவே ஒரு கட்டுப் புத்தகங்கள் என வாங்கிக் குவித்தார். லித்தியம் மாத்திரைக்கான முதல் சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது, அதே மருந்துக் கடையில் பாம்புக்கடிக்கான முதலுதவிப் பெட்டிகளைப் பன்னிரண்டு வாங்கினாராம். ஊரைப் பாம்புகள் சூழ்ந்துவிடும் என்றும், மக்களைத் தாமே காக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியது. கையிலிருக்கும் சீட்டையும் வாங்கும் பொருளையும் சேர்த்துப் பார்த்த கடைக்காரர் புன்னகையுடன் விலையைப் பதிந்து கொடுத்தார்.

எழுச்சி தணிந்ததும் மிஞ்சியவை பில்களும் வங்கியின் எச்சரிக்கைக் கடிதங்களும்தாம். அவருடைய அண்ணன் பொருளாதாரம் பயின்றவர்; உலக வங்கியில் பணியாற்றியவர். விமானம் ஏறி வந்து, பில்களைத் தரையில் குவியல் குவியலாகப் பரப்பி வைத்துக்கொண்டு தங்கையுடன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். வசை ஒன்றும் சொல்லவில்லை. தம் அலுவலகக் கடன் சங்கத்தில் சொந்தப் பெயரில் கடன் பெற்று அத்தனையையும் அடைத்தார். தங்கை அதைப் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தார்.

நம் வீடுகளிலும் நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த மகன் திடீரென்று கடன் அட்டைகளைத் தேய்த்துத் தள்ளுவதும், வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே உடைப்பதும், இரவெல்லாம் விழித்துப் புதுப்புதுத் தொழில் திட்டங்களைப் பேசுவதும் நேர்வதுண்டு. ஊதாரித்தனம் என்று கடிந்துகொள்ளும் முன், அவன் எத்தனை மணி நேரம் உறங்குகிறான் என்று பார்ப்பது நல்லது. உறக்கம் குறைந்தும் களைப்பே தெரியாமல் பணம் கரைகிறது என்றால், அந்தப் பாஸ்புக்கையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.

*நிறுத்தியதும் நிகழ்ந்ததும்*

லித்தியம் ஜேமிசனின் மனத்தை நிலைப்படுத்தியது உண்மை. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. வயிற்றுப் புரட்டல், வாந்தி, கை நடுக்கம், கண் மங்கல் ஆகியவை தொல்லை தந்தன. நடையில் தடுமாற்றம் வந்தது. மிகவும் விரும்பிய குதிரைச் சவாரியைக் கைவிட நேர்ந்தது. எல்லாவற்றிலும் கொடியது, படிக்க இயலாமல் போனது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாலும் மனத்தில் நிற்கவில்லை. வாரம் சில நூல்கள் படித்து வந்தவர், ஏறத்தாழப் பத்தாண்டுகள் கனமான இலக்கிய நூல் எதையும் முழுமையாகப் படிக்க முடியாமல் தவித்தார். குழந்தைகளுக்கான கதைப் புத்தகங்களும் பின்னல் வேலையும் துணையாயின. அக்காலத்தில் லித்தியத்தை இன்றைய வழக்கத்தைவிட உயர்ந்த அளவில் கொடுத்து வந்தனர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

தொல்லைகள் மட்டுமே காரணமல்ல. உற்சாகம் பொங்கிய நாட்களை அவர் மனம் ஏங்கித் தேடியது. சகோதரியோ மருந்தை வெறுத்தார்; மாத்திரை விழுங்கினால் உன் ஆன்மாவே மங்கிவிடும், மனவுறுதியால் தாங்கிக்கொள் என்பது அவர் கட்சி. கட்டுப்பாடு மிகுந்த இராணுவக் குடும்பத்தில் வளர்ந்த ஜேமிசனுக்கும், தம் துன்பத்தைத் தாமே வெல்ல வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. மருத்துவர் தடுத்தும் கேளாமல் 1975இல் மருந்தை நிறுத்தினார்.

எழுச்சி திரும்பியது. அதன் பின்னே வந்த சோர்வு ஒன்றரை ஆண்டுகள் நீடித்தது. இனி விடியாது என்று முடிவுகட்டிய ஒருநாள், அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். தொலைபேசியில் அண்ணன் பேசியபோது தங்கையின் பேச்சுக் குழறுவதைக் கேட்டு, உடனே மருத்துவருக்குத் தகவல் தந்தார். பல நாட்கள் நினைவிழந்து கிடந்து பிழைத்தார் ஜேமிசன். பிறகு சமைத்துப் போட்டதும், துணி துவைத்ததும், பில்களைக் கட்டியதும் அவருடைய தாயார். பெரிய தத்துவம் எதையும் அந்த அம்மையார் பேசியதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு மருந்தை நிறுத்தும் எண்ணத்தை அவர் அறவே விட்டார். ஆயினும் தேடல் முடியவில்லை. சரியான மருந்து கிடைத்துவிட்டது. சரியான அளவு கிடைக்கவில்லை. 1980களில் பணியிலிருந்து ஓராண்டு விடுப்புப் பெற்று இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, லண்டன் மருத்துவரின் ஆலோசனைப்படி லித்தியத்தின் அளவு குறைக்கப்பட்டது. சில நாட்களுக்குப் பின் ஹைட் பார்க் பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர், தம் கால்கள் இலேசாகி நடை துள்ளுவதை உணர்ந்தார். கண்ணில் கட்டியிருந்த துணி விலகியது போலக் காட்சிகளும் ஒலிகளும் தெளிந்தன. புத்தகங்கள் திரும்பி வந்தன. அளவைக் குறைத்ததில் அபாயமும் இருந்தது. மனத்துக்கு நெருக்கடியான காலங்களில் பழைய ஏற்ற இறக்கம் இலேசாக எட்டிப் பார்த்தது. அதையும் கணக்கில் கொண்டே மருத்துவரும் அவரும் ஓர் அளவை முடிவு செய்தனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1975இல் அவர் தாமாக நிறுத்தினார். லண்டனில் மருத்துவர் அறியக் குறைத்தார். இரண்டும் வெளிப் பார்வைக்கு ‘மருந்தைக் குறைப்பது’தான். விளைவுகளோ எதிரெதிர்த் துருவங்கள்! பக்கவிளைவைப் பொறுக்க முடியவில்லை என்ற முறையீடு பொய்யல்ல. அந்த முறையீட்டைக் குப்பைத் தொட்டியிடம் சொல்லாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் வேறுபாடு. மருத்துவரும் அதைக் காதுகொடுத்துக் கேட்கக் கடமைப்பட்டவரே. ஐந்து நிமிடத்தில் அடுத்த நோயாளியை அழைக்கும் இடங்களில் இது எளிதன்று. தொல்லைகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது அங்கே பயன்படும்.

பின்னாளில் ஜேமிசன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் பேராசிரியரானார். இந்நோய் குறித்த விரிவான மருத்துவ நூலொன்றை 1990இல் மற்றொரு மருத்துவருடன் இணைந்து வெளியிட்டார். மருந்து மட்டும் போதாது, மருத்துவரிடம் வாரந்தோறும் மனம்விட்டுப் பேசியதும் தம்மை உயிருடன் வைத்தது என்று அவர் நன்றியுடன் பதிவு செய்கிறார்.

*உப்பு போன்ற ஒரு மருந்து*

லித்தியத்தின் கதை சுவையானது. 1817இல் சுவீடனில் கண்டறியப்பட்ட இது, உலோகங்களில் மிக இலேசானது. மருந்தாகப் பயன்படுவது அதன் உப்பு. மனநோய்க்கு அதன் பயனைக் காட்டியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதாகி, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுகளுக்கு மேல் வாடியவர் அவர். போருக்குப் பின் மெல்போர்ன் அருகே ஒரு மருத்துவமனையில் கினிப்பன்றிகளை வைத்துச் சோதனை செய்தபோது, லித்தியம் அவற்றை அமைதிப்படுத்துவதைக் கண்டார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தாமே உட்கொண்டு பார்த்தார்.

1948 மார்ச்சில் அவர் சிகிச்சையைத் தொடங்கிய முதல் நோயாளி, ஐந்தாண்டுகளாக ஓயாத மன எழுச்சியில் கிடந்த ஐம்பத்தொரு வயது மனிதர். சில வாரங்களில் தெளிந்தார். ஜூலையில் வீடு திரும்பிப் பழைய வேலையிலும் சேர்ந்துவிட்டார். அந்தச் செய்தி உட்பட, கேட் எழுதிய கட்டுரை 1949 செப்டம்பரில் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பின் நடந்ததை அதிகம் பேர் அறியார். உடல் தேறியதும் அம்மனிதர் மாத்திரையைச் சரிவர எடுக்காமல் விட்டார், நோய் திரும்பியது, மீண்டும் மருத்துவமனை. 1950இல், லித்தியம் உடலில் மிகுந்து நஞ்சானதால் அவர் இறந்தார். மருந்து நின்றதும் அவரைத் தாக்கியது; மிகுந்ததும் தாக்கியது. இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் முறை அப்போது இல்லை. அம்முறை வந்த பிறகே மருந்து பாதுகாப்பானது. அமெரிக்க அரசு இதற்கு அனுமதி அளித்தது 1970இல், ஜேமிசன் மருந்து தொடங்குவதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்.

இன்று லித்தியம் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கின்றனர். முதியோருக்கு இன்னும் குறைவாகவே வைப்பர். கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். பரிசோதனை நாளன்று காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் கணக்குத் தவறிவிடும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் சில மாதங்களுக்கு ஒருமுறை சோதிப்பதும் அவசியம்.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். நம் சிறுநீரகம் லித்தியத்தையும் சமையல் உப்பையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே கருதுகிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால், உள்ளதை விட்டுவிடாமல் பிடித்து வைக்கிறது. உப்போடு லித்தியமும் தங்கிவிடுகிறது. அதே மாத்திரை, அதே எண்ணிக்கை. ஆயினும் இரத்தத்தில் அளவு ஏறிவிடும். திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பனை வேண்டிக்கொண்டு உப்பில்லாமல் உண்பது, ஏகாதசியன்று தண்ணீரும் பருகாமல் இருப்பது, சித்திரை வெயிலில் வியர்க்க வியர்க்கப் பாதயாத்திரை செல்வது ஆகியவை மற்றவர்களுக்கு விரதம். லித்தியம் எடுப்பவருக்கு அபாயம். வயிற்றுப்போக்கும் அப்படியே. இரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் நீர் பிரியும் மாத்திரைகள் சிலவும், மூட்டு வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி நிவாரணிகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தக்கூடியவை. நம் வீட்டுப் பெரியவர்களின் மருந்துப் பெட்டியில் இவை இரண்டும் இல்லாத பெட்டி அரிது.

கை நடுக்கம் திடீரென அதிகரித்தல், வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறல், மயக்க நிலை ஆகியவை தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோயுற்றோருக்கும் முதியோருக்கும் உபவாசத்தில் விலக்கு உண்டு என்பதை நம் பெரியோர் எப்போதுமே ஒப்புக்கொண்டிருக்கின்றனர். மகனுக்காக வேண்டிக்கொண்ட உப்பில்லா விரதத்தைத் தாயார் ஏற்கலாம். மாத்திரை எடுக்கும் மகன் ஏற்க வேண்டாம். தாயாருக்கே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்தால் அவரும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டியவரே!

“இந்த இரசாயன மருந்தெல்லாம் எதற்கு? நம் மூலிகை இருக்கும்போது...” என்று ஆதங்கப்படுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேரை மனக்கலக்கத்துக்குக் கொடுப்பது நம் நாட்டின் பழைய மருத்துவம். கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இரு வங்காள மருத்துவர்கள் 1931இலேயே அதன் பயனை எழுதினர். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். மேனாட்டு மனநல மருத்துவமனைகள் அதனைச் சில ஆண்டுகள் பெரிதும் பயன்படுத்தின. பிறகு, அது சிலருக்கு மனச்சோர்வைத் தருவதாகக் கண்டு, வேறு மருந்துகள் வந்ததும் ஒதுக்கினர். நம் மண்ணின் வேர் உலக மனநல மருத்துவத்துக்கு வழிகாட்டியது பெருமைதான். மூலிகை என்பதால் பக்கவிளைவு இராது என்று எண்ணுவதற்கு மட்டும் அந்த வரலாறு இடம் தரவில்லை.

எல்லோருக்கும் லித்தியம் தேவைப்படுவதில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் வேறு வகை. அவற்றில் முதலில் கொடுத்த மருந்திலேயே நோய் முற்றும் நீங்குவது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்கு அளவை உயர்த்தியோ, மருந்தை மாற்றியோ, இன்னொன்றைச் சேர்த்தோ பார்க்க வேண்டியிருக்கும். மருத்துவர் மருந்தை மாற்றினால் அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று எண்ணி வேறு மருத்துவரிடம் ஓடுபவர்கள், இரண்டாவது மருத்துவரிடம் முதலிலிருந்தே தொடங்குகின்றனர். மேலும் இம்மருந்துகளின் தொல்லை முதல் வாரமே தெரியும். நன்மை தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பத்தாம் நாள், “பயனில்லை, வயிறுதான் புரட்டுகிறது” என்று நிறுத்தும் குடும்பங்களே பல. ஒரு மண்டலம் கோயிலில் பொறுமையாகத் தங்கத் தெரிந்தவர்களுக்கு ஆறு வாரக் கணக்கு புதிதன்று. 42 நாட்கள்தாமே!

*எங்களுக்குப் பிறகு யார்?*

எழுபதைக் கடந்த பெற்றோரின் உள்ளத்தில், மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. எங்களுக்குப் பிறகு இவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் யார்? அந்த அச்சத்தால்தான் பலர் நிறுத்திவிடத் துடிக்கின்றனர். நாங்கள் கண்ணை மூடுவதற்குள் மகன் மருந்தில்லாமல் இருக்கப் பழகிவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. பரிவிலிருந்து பிறக்கும் கணக்குத்தான்; ஆனால் தவறிப்போகும் கணக்கு. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் மீள்வதற்கான வாய்ப்பு கூடுகிறது.

ஜேமிசன் இதற்குச் செய்த ஏற்பாடு கருதத்தக்கது. நலமாக இருந்த காலத்திலேயே மருத்துவருடனும் குடும்பத்தினருடனும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். தாம் மீண்டும் கடும் சோர்வில் விழுந்து சிகிச்சையை மறுத்தாலும், இன்னின்ன சிகிச்சைகளை அளிக்க அவர்கள் இசைவு தரலாம் என்பது உடன்பாடு. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்கு ஒத்த உரிமையைத் தருகிறது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே, தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தமக்காக முடிவெடுக்கும் பிரதிநிதி ஒருவரையும் நியமிக்கலாம். உயில் எழுதுவதைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசும் பெரியவர்கள், அதே அமர்வில் இதையும் கேட்கலாம். வீட்டையும் வைப்புத் தொகையையும் மகன் பெயருக்கு எழுதி வைப்பவர்கள், மகனுடைய மருந்தின் பெயரை யாரிடமும் சொல்லாமல் போய்விடுவது வேதனைக்குரியது.

மருத்துவச் சீட்டுகளின் நகலை, உள்ளூரில் இருக்கும் மகளிடமோ தம்பி மகனிடமோ இன்றே கொடுத்து வைக்கலாம். மாத்திரையின் பெயர், அளவு, வேளை, தொடங்கிய தேதி, முன்பு கொடுத்துப் பயன்படாத மருந்துகள், அவை தந்த தொல்லைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தால், நாளை எந்த மருத்துவரும் பத்தாண்டுத் தேடலை மீண்டும் தொடங்க வேண்டியிராது. தினமும் மாத்திரை எடுக்க மறுக்கும் மனச்சிதைவு நோயாளிகளுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகளும் உள்ளன. அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவசரத்தில் ஆலோசனை பெற மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது, மாத்திரைப் பெட்டியை மகனிடம் ஒப்படைப்பது. ஞாயிறு முதல் சனி வரை தனித்தனி அறைகள் உள்ள பெட்டிகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன. வாரத் தொடக்கத்தில் தந்தையும் மகனும் சேர்ந்து அமர்ந்து அறைகளை நிரப்பலாம். முதல் சில மாதங்கள் தந்தை நிரப்ப மகன் பார்க்கட்டும். பிறகு மகன் நிரப்பத் தந்தை பார்க்கட்டும். மாலையில் பூஜையறையில் விளக்கேற்றித் தீர்த்தம் எடுத்துக்கொண்ட கையோடு, அன்றைய அறையை அவனே திறந்து மாத்திரையை எடுத்துக்கொள்ளட்டும். தந்தை அருகில் அமர்ந்திருந்தால் போதும், நினைவூட்ட வேண்டியதில்லை.